பலகை வேலியில் அன்ரியின் முகம்

ஒரு முகத்தைச் சுரண்டி எடுப்பது இவ்வளவு பாடாக இருக்கும் என்று வதனி நினைத்திருக்கவில்லை. மூலையில் நகத்தை விட்டுக் கிளப்பினால் முழுசாகக் கையோடு வந்துவிடும், சுருட்டிக் குப்பைத்தொட்டிக்குள் போட்டுவிட்டுப் போய்விடலாம் என்ற நினைப்பில்தான் காலையில் ரயில் ஏறினாள். வந்து பார்த்தால் இது வேறு சாமான். மேலே இருக்கிற பளபளப்புத் தோல் மட்டும் கீலம் கீலமாகக் கிழிந்து வருகிறது. அடியில் வெள்ளைத் தாளும் பசையும் பலகையோடு பலகையாக ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன, முகமும் அதிலேயே கிடக்கிறது. நிறம் போன முகம். ஒரு பக்கக் கன்னம் போய்ச் சிரிப்பு மட்டும் மிஞ்சின முகம். பழைய செங்கல் சூளையை இடித்து அடுக்குமாடி கட்டுகிற நிலம் இது. அதைச் சுற்றி ஆள் உயரத்துக்கும் மேலாகப் பலகை வேலி அடித்திருக்கிறார்கள். வேலி நெடுக, வீதியின் இந்த முனையிலிருந்து கொங்கிரீட் லொறிகள் போய்வருகிற வாசல் வரைக்கும், ஒரே முகம், ஒரே சிரிப்பு, கீழே ஒரே பெயர். மதியம் கழிய சவவண்டி இந்த வீதியால்தான் வரப்போகிறது. படத்தில் சிரிக்கிற அன்ரி பிறந்தது இந்தச் சூளைக்குப் பின்னால், களிமண் கிடங்கின் கரையில் நின்ற தகரக் கொட்டில் ஒன்றில். சேர்ச்சிலிருந்து சுடலைக்குப் போகிற வழியில் அவவை இந்தப் பக்கத்தால் ஒருமுறை கொண்டுபோவதென்று வீட்டார் முடிவெடுத்திருக்கிறார்கள். அன்ரியின் வீட்டுப் பெண் ரொண்டா தொலைபேசியில் சொன்னது அவ்வளவுதான். "பிள்ளையளும் காருக்குள்ள இருப்பினம். ஒருத்தரின்ர கண்ணிலயும் படக்கூடாது. அதுக்குள்ள எடுத்துப்போடுங்கோ." சொன்னது இங்கிலீசில்தான். ஆனால் யார் பேசுகிற இங்கிலீசும் வதனியின் தலைக்குள் யாழ்ப்பாணத்துத் தமிழாக மாறித்தான் விழும், சிட்னிக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். இவ்வளவு காலமும் நெருக்கமாக 'நீர்' என்று விழுந்துகொண்டிருந்த ரொண்டாவின் குரல் அன்றைக்கு 'நீங்கள்' என்று விழுந்தது.

சுடுதண்ணீர் போத்தலைச் சரித்தாள். தண்ணீர் நெற்றியில் பட்டுக் கண்ணால் வழிந்து சிரிப்பின் ஓரமாக இறங்கியது, பார்க்க அழுகிறமாதிரி இருந்தது, வதனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாசி மாதத்து வெயில் முதுகில் நின்று எரித்தது. என்ன பிடிவாதமான பசை. ஊரில் என்றால் கோதுமை மாவைக் காய்ச்சிப் பூசுவார்கள், ஒரு மழைக்கு ஊறி, இரண்டாம் மழைக்குத் தாள் தானாகவே கழன்று விழும், அல்லது ஒரு மாடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். அம்மாவின் தாளையும் மாடு சாப்பிட்டிருக்கும். அம்மா செத்தபோது தம்பி அடித்து ஒட்டின கண்ணீர் அஞ்சலி. சந்தியிலிருந்து வீட்டு ஒழுங்கை முடிகிற வரைக்கும் ஒவ்வொரு லைட் போஸ்டிலும் அம்மா. ஊதாக் கரை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கினதால் கொஞ்சம் கலங்கின அம்மா. தம்பி அதையெல்லாம் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினான். கொரோனாவில் எல்லை மூடின காலம், விமானம் இல்லை, போக வழியில்லை. இங்கே சமையலறை மேசையில் தொலைபேசியைச் சீனி டப்பாவோடு சாய்த்து வைத்துவிட்டுச் செத்தவீடு பார்த்தாள். பெட்டியைத் தூக்கும்போது ஊர்ப் பெண்கள் எல்லாரும் குழற, வதனியும் அம்மா, என்ர அம்மா, என்னை விட்டிட்டு எங்கயணை போறாய் என்று வாய்விட்டுக் கூப்பிட்டாள். கூப்பிட்டு முடிந்த பிறகுதான் கண்டாள், தொலைபேசியில் அவளுடைய ஒலி அடைத்திருந்தது. வெளிநாட்டுக்காரர் எல்லாருடைய ஒலியையும் மச்சான் ஒருவன் அடைத்துவிட்டானாம், ஐயர் மந்திரம் சொல்வது கேட்கவில்லையாம். அந்தக் கூப்பாடு எங்கே போயிருக்கும் என்று அவள் சில நாள் யோசித்திருக்கிறாள். அதற்குப் பிறகு அழுகை வரவில்லை. தம்பி அனுப்பின படங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஊரே பார்க்க அம்மா போஸ்டில் நின்றாள், போகிற வருகிறவர்கள் எல்லாரும் அம்மாவின் பெயரை வாசித்துவிட்டுப் போனார்கள், சைக்கிளை நிறுத்தி வாசித்தார்கள், அட, இவ போயிட்டாவோ என்று கேட்டிருப்பார்கள். அது ஒரு ஆறுதல். அது ஒன்றுதான் ஆறுதல்.

அதைத்தான் செய்தாள். அன்ரி போய்விட்டா என்று செய்தி வந்த காலையில், தான் வேலை செய்கிற கட்டட நிறுவனத்துக் கந்தோரில் இருந்து, அதையேதான் செய்தாள். ரொண்டாவும் அன்ரியும் இந்த நிலத்துக்குச் செய்கிற களிமண் சுவருக்காக எடுத்த படங்களிலே நல்லது ஒன்று, அன்ரி கையில் களிமண்ணோடு நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறது. சுற்றிவரக் கறுப்புக் கரை போட்டாள். பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டு. பெயர். பெயரோடு நின்றிருக்கலாம். எங்களுடைய ஆட்களுக்கு அது போதாதே. பவளம் என்று அழைக்கப்படும், கிளி என்று அழைக்கப்படும் என்று வீட்டுப் பெயரையும் போட்டால்தானே செத்தது இன்னார் என்று ஊருக்கு முழுசாகத் தெரியும். அன்ரியின் வீட்டார் மட்டும் கூப்பிடுகிற பெயர் ஒன்று இருந்தது, அவர்களுடைய பூர்வகுடி மொழிப் பெயர். களிமண் பிசைந்த ஒரு பின்னேரம் அன்ரி அதை வதனிக்குச் சொல்லி, நீயும் அப்படியே கூப்பிடு பிள்ளை, ஆனா இஞ்ச இருக்கேக்கை மட்டும் என்று சொல்லியிருந்தா. அந்தப் பெயரைத்தான் பெரிய எழுத்தில் போட்டாள். இப்போதும் அது நாக்கின் அடியில் வந்து நிற்கிறது. வதனி எச்சிலை விழுங்கினாள். நினைக்காதே. நினைக்காதே என்று சொல்லும்போதே அது ஒருமுறை முழுசாக ஓடி முடிந்துவிடுகிறது. வேலி முழுக்க அதுவே எழுதியிருக்க அவள் எங்கே கண்ணை வைப்பாள்?

தெரியாமல் செய்திருந்தாலாவது ஒரு கதை சொல்லலாம். தெரியும். முதல் நாளே ரொண்டா சொன்னாள். எல்லாப் பூர்வகுடிகளுக்கும் ஒரே வழக்கம் இல்லை, எங்கட வீட்டுக்கு இதுதான், ஒருத்தர் போனால் அவரின்ர பேரை எடுத்து வைச்சிடுவம், முகத்தை மூடிடுவம், வீட்டார் திரும்ப எடுத்துத் தரும்வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது, கூப்பிட்டால் போறவ திரும்பிப் பார்ப்பா, திரும்பிப் பார்த்தால் போகமாட்டா என்று சொன்னாள். வதனி தலையை ஆட்டினாள். ஆட்டினதோடு விட்டாளா, நிறுவனத்து ஆட்களுக்குக் கூட்டம் வைத்துத் திரையில் படம் போட்டு விளங்கப்படுத்தினாள். இவர்களோடு வேலை செய்யும்போது இதையெல்லாம் கவனிக்கவேண்டும் என்று வாத்தியார் வேலை பார்த்தாள். கைதட்டினார்கள். பூர்வகுடிக் கலைஞர்களைக் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறவள் என்று அவளுக்கு அங்கே பெயர். கைகொடுத்தது போதும். அன்றைக்குக் காலையில் அந்த வழக்கம் எங்கே போனது? மறந்தாள் என்று சொல்ல முடியாது, கேட்டிருந்தால் ஒப்புவித்திருப்பாள். கேட்க ஆள் இல்லை. செத்துப்போனது அன்ரி, அதுவரைக்கும்தான் புத்தி போனது, மிச்சத்தைக் கை செய்துவிட்டது. ரொண்டாவின் ஆட்களும் மூத்த பெண்களை அன்ரி என்கிறார்கள், எங்கள் ஆட்களும் அன்ரி என்கிறார்கள். அந்த ஒரு சொல்லில் ஏமாந்துபோய், இது எங்கட செத்தவீடுதான் என்று நினைத்துவிட்டாள் போல.

தொலைபேசி அடித்தது. கணவர், சத்தியசீலன்.

"இஞ்சேரும், எங்க நிக்கிறீர்?"

"வேலியடியில."

"இன்னுமோ? உமக்கென்ன விசரே? அது கொம்பனியின்ர வேலியல்லோ, அவங்கள் ஆள்விட்டுக் கழட்டட்டும்."

"அடுத்த கிழமைதான் ஆள் வருமாம். இண்டைக்குத்தானப்பா சவம் போகுது."

"சரி, தொப்பியாவது போட்டனீரே? சாப்பிட்டீரே?"

"சாப்பிட்டன்" என்று பொய் சொன்னாள்.

"நீர் நல்லதுக்குத்தானே செய்தனீர்" என்றார் அவர்.

நல்லதுக்குத்தானே. அந்தச் சொல்லைக் கேட்டதும் தொலைபேசியை வீதியில் வீசி எறியவேண்டும் போல இருந்தது. அவள் வைத்துவிட்டுச் சுரண்டினாள். நல்லதுக்குத்தான் சுவரும் தொடங்கியது. அடுக்குமாடி கட்ட அனுமதி வேண்டுமென்றால் பொதுமக்கள் பார்க்க ஒரு கலைப்படைப்பு வைக்கவேண்டும் என்று நகரசபை சொன்னது, பூர்வகுடிக் கலைஞர் ஒருவர் செய்தால் இன்னும் வடிவாக இருக்கும் என்று நிறுவனத்து மேலாளர் டேமியன் சொன்னான், ஆளைத் தேடிப் பிடிக்கிற வேலை வதனிக்கு வந்தது. ரொண்டாவை முதலில் கண்டபோது அவள் முகத்தில் எந்த நம்பிக்கையும் இல்லை. இடிக்கிறவை கூப்பிட்டால் ஏதோ மறைக்க இருக்கும், அதுக்குப் பூச ஆள் தேடுவினம் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். சொன்னவளைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து, தேத்தண்ணி குடித்து, சம்மதிக்க வைத்தது வதனி. தன் கெட்டித்தனம் என்று அப்போது நினைத்தாள். நான் இருக்கிறன், நான் பார்த்துக்கொள்ளுவன் என்று சொன்னதும் அவள்தான். இடித்த சூளையின் செங்கல்லையே எடுத்துச் சுவர் ஒன்று, அதன்மேல் புதிதாகப் பிசைந்து சுட்ட களிமண்ணில் ஆறும் விலாங்கு மீன்களும், இந்தக் கரையில் கொட்டில் போட்டிருந்த குடும்பங்களின் கைத்தடங்களும். அந்த விலாங்குக் கதை அன்ரியுடையது. அவவின் சொல் இல்லாமல் ரொண்டா ஒரு கோடும் கீறமாட்டாள். அன்ரி கதிரை போட்டு இருந்து, வளைவு பிழைத்தால் உதட்டை நீட்டிக் காட்டுவா, ரொண்டா அழித்துவிட்டுத் திரும்பக் கீறுவாள். கொஞ்சம் சந்தோசமாகச் செய்யலாமே, வாங்க வருகிறவர்கள் பயந்துவிடுவார்கள் என்று டேமியன் வந்து சொன்னான். விலாங்கு சந்தோசமாத்தான் இருக்கு என்றா அன்ரி. அதைக் கேட்டு வதனி சிரித்த சிரிப்பில் அவளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டாள். பிறகு வாசல் முகப்புக்கென்று கீறின சுவர், திட்டத்தில் கார் நிறுத்துகிற பக்கத்துக்குப் போனது. வதனி சண்டை பிடித்தாள், பாதி திரும்பி வந்தது. பாதிக்குச் சண்டை பிடித்தே இரண்டு வருசம். இனி அது முழுக்கப் போனாலும் கேட்க அவளுக்கு வாய் இருக்காது. ரொண்டா வராவிட்டால் வேறு ஆள் இருக்கிறது, கணினியிலே செங்கல் வடிவம் கீறித் தருகிறார்களாம்.

அந்தத் தாளை அவள் கந்தோர் ஆட்களுக்குத்தான் அனுப்பினாள். அதை டேமியன் பார்த்துவிட்டு, எவ்வளவு மனசோடு செய்திருக்கிறாய், இதைப் பெரிதாக அடித்து வேலி நெடுக ஒட்டுவோமா, ஊர் அறியட்டும் என்று கேட்டான். ஊர் அறியட்டும். இங்கே வந்து இத்தனை வருசத்தில் ஒரு வெள்ளைக்காரன் அவளுக்கு விளங்குகிற விதமாகச் சொன்ன முதல் சொல் அதுவாகத்தான் இருக்கும். ஒட்டுங்கோ, அவவுக்கு அது தகும் என்று எழுதி அனுப்பிவிட்டுக் கழிப்பறைக்குள் போய் நின்றாள், அழுகை வருமோ என்று பார்த்தாள், வரவில்லை, ஆனால் நெஞ்சு கொஞ்சம் இலேசானது. பெருமையாகக்கூட இருந்தது. அன்ரியின் பேத்திகள் பள்ளிக்கூடம் போகிற வீதி இது. ஒட்டின அடுத்த நாள் காலையில் அந்தப் பிள்ளைகள் வேலியைக் கண்டுவிட்டு, திரும்பி வீட்டுக்கு ஓடினார்களாம். போக வெளிக்கிட்ட மனுசி வீதி நீளத்துக்கு நின்று சிரிக்கிறா என்றால் பிள்ளைகள் ஓடாமல் என்ன செய்யும்.

"அக்கா, அதால வராது" என்று யாரோ சொன்னார்கள். வாசலில் நின்று லொறிகளுக்காக வீதியை மறிக்கிற ஆள், சியோனே, டோங்கா நாட்டுக்காரர், கதவளவு உடம்பு. அவர் உண்மையில் சிஸ்டர் என்றுதான் சொன்னார், அவளுக்கு அக்கா என்று விழுந்தது. ஒரு கையில் நில், மெல்லப் போ என்று இரண்டு பக்கமும் எழுதின தடி, மற்றக் கையில் தகடுபோட்ட சுரண்டி ஒன்று. "தச்சு வேலை செய்யிற பெடியளிட்டை வாங்கினனான். இதாலை சுரண்டிப் பாருங்கோ." வாங்கினாள். உண்மையிலேயே அதால் கொஞ்சம் வந்தது. அவர் வேலியை நிமிர்ந்து பார்த்தார். "நல்ல முகம். ஆர் இந்த அம்மா?"

"காலமாயிட்டா."

"அப்ப ஏன் கிழிக்கிறியள்?"

வதனி வாயைத் திறந்தாள். வழக்கத்தைச் சொல்லவேண்டும், சொல்ல வெளிக்கிட்டால் திரும்பவும் அந்தக் கூட்டத்தில் திரை போட்டு நின்ற வதனி வந்துவிடுவாள், எல்லாம் தெரிந்தவள், இவர்களைப் பற்றி இன்னொருவருக்கு விளங்கப்படுத்துகிறவள். அவளை இனிக் காணப் பிடிக்கவில்லை. "அவவின்ர வீட்டார் கேட்டவை" என்று மட்டும் சொன்னாள். சியோனே தலையை ஆட்டினார். எங்கட வீட்டில எண்டால் படத்தை நடு அறையில வைச்சுப் பூப்போடுவம் என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு தன் இடத்துக்குப் போனார்.

நிழல் காலுக்கடியில் சுருங்கிப் பிறகு மற்றப் பக்கமாக நீளத் தொடங்கியது. சுரண்டினாள். ஒரு பலகை முடிய அடுத்தது, அதிலும் அதே ஆள், புதிதாக, முதல் சந்திப்பதுபோலச் சிரித்துக்கொண்டு. நெற்றியிலிருந்து தொடங்கினால் கண் பார்த்துக்கொண்டே இருக்கிறது, கண்ணிலிருந்து தொடங்கினால் கை வரவில்லை. கீழே இருந்து, பெயரிலிருந்து தொடங்குவோம் என்று குனிந்தாள். ஒவ்வொரு எழுத்தாகச் சுரண்டச் சுரண்ட ஒவ்வொரு எழுத்தும் வாய்க்குள் ஒலித்தது. இது என்ன சீவியம். எடுத்துவைக்கச் சொன்ன பெயரை இந்த உலகத்திலேயே அதிகமாக இன்றைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறவள் அவளாகத்தான் இருக்கும், சத்தம் மட்டும்தான் இல்லை. தகடு வழுக்கி விரலைக் கீறியது. இரத்தம் வந்தது, துடைத்துவிட்டுச் சுரண்டினாள். கடைசிப் பலகை வாசலோடு ஒட்டினது. அதற்கு வருமுன் வீதியின் வளைவில் கார்களின் முன்விளக்குகள் தெரிந்தன, பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக, ஆறுதலாக.

நேரம் இல்லை. கடைசி அன்ரி முழுசாக நின்றா, ஒரு கீறல் இல்லாமல். காலையில் கொண்டுவந்த கறுப்புப் பொலித்தீனைக் காற்று எப்போதோ வேலிக்கு அப்பால் கொண்டுபோயிருந்தது. போர்வைச் சால்வை ஒன்று கைப்பையில் கிடந்தது, ரயிலில் ஏசிக் குளிருக்குப் போடுகிறது. இழுத்து எடுத்தாள். முகத்தை மூடினால் பெயர் தெரியும், பெயரை மூடினால் முகம் தெரியும். முதுகைப் பெயரோடு ஒட்டிக்கொண்டு நின்று, சால்வையின் இரண்டு முனையையும் பிடித்து, கைகளைத் தலைக்கு மேலே தூக்கி முகத்தை மறைத்தாள். கட்டையான மனுசி, நுனிக்காலில் நிற்கவேண்டியிருந்தது. பரவாயில்லை, போய்விடும், நாலைந்து கார்தானே, ஒரு நிமிசம்தானே. போகாது. வாசலுக்குள்ளிருந்து ஒரு கொங்கிரீட் லொறி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது, சியோனே வீதியின் நடுவில் போய் நின்று தடியைத் திருப்பினார். நில். சவவண்டி நின்றது, அவளுக்கு நேரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்.

விடுங்கோ, அவையைப் போகவிடுங்கோ என்று அவள் மனதுக்குள் சியோனேயிடம் கெஞ்சினாள். லொறி பீப் பீப் என்று அடித்துக்கொண்டு திரும்ப இடம் தேடியது. கைகள் தூக்கினபடி. இப்படி நின்றிருக்கிறாள், சின்ன வயதில், சந்திச் சோதனைச்சாவடியில், ஆமிக்காரி தடவிப் பார்த்து முடிக்கும்வரைக்கும், வியர்வை இப்படித்தான் அக்குளிலிருந்து இடுப்புவரைக்கும் இறங்கும், என்ன பிழை செய்தேன் என்று யோசித்துக்கொண்டு நிற்பாள், ஒன்றும் செய்திருக்கமாட்டாள். இன்றைக்கு யோசிக்கத் தேவையில்லை. கண்ணாடிக்குள் பெட்டி தெரிந்தது. பெட்டிக்கு மேலே வற்றில் என்கிற இந்த நாட்டு மஞ்சள் பூக்கொத்து, சாம்பல் நிற யூகலிப்டஸ் இலைகள். பின்னால் நின்ற காரின் கண்ணாடி இறங்கியிருந்தது. உள்ளே ரொண்டா. அவளுக்குப் பக்கத்தில் வயசான இரண்டு பெண்கள், மடியில் நெருக்கிக்கொண்டு பிள்ளைகள். ரொண்டா சுரண்டின வேலியை அந்த முனையிலிருந்து இந்த முனைவரைக்கும் பார்த்தாள். இரத்தம் ஒட்டின சால்வையைப் பார்த்தாள். சால்வைக்குக் கீழே நுனிக்காலில் நிற்கிற கால்களைப் பார்த்தாள். பிறகு வதனியின் முகத்தைப் பார்த்து நாடியை ஒரு சொட்டு உயர்த்தினாள். மன்னித்தேன் என்று அர்த்தமில்லை. கண்டேன் என்று அர்த்தம். பழைய நாட்களில் களிமண் சரியாகப் பிசைந்து வந்தால் அவள் அப்படித்தான் செய்வாள்.

அது போதும், அதோடு எல்லாம் போயிருக்கலாம். லொறி திரும்பிவிட்டது, சியோனே தடியைத் திருப்பிவிட்டார், சவவண்டி மெல்ல அசைந்தது. அசைந்ததுதான் பிழை. ஒழுங்கையில் பெட்டி அசைகிறது, பெண்கள் எல்லாரும் வாசலுக்கு ஓடி வருகிறார்கள், சீனி டப்பாவோடு சாய்ந்த தொலைபேசியில் அம்மா ஆடி ஆடிப் போகிறா, இந்தமுறை யாரும் ஒலியை அடைக்கவில்லை. வயிற்றின் அடியிலிருந்து அது கிளம்பினது வதனிக்குத் தெரிந்தது, தெரிந்து பல்லைக் கடித்தாள், கைகள் இரண்டும் மேலே சால்வையில் இருந்தன, வாயைப் பொத்தக் கை இல்லை. கையை எடுத்தால் முகம். என்ர அன்ரி, என்று வந்தது. அதோடு நிற்கவில்லை. அந்தப் பெயர் வந்தது. நாள் முழுக்க ஒவ்வொரு எழுத்தாகச் சுரண்டி விழுங்கின பெயர், வீட்டார் கூப்பிடுகிற பெயர், முழுசாக, நீட்டி, ஊர்ப் பெண்கள் கூப்பிடுகிறமாதிரி, எங்கயணை போறாய், திரும்பிப் பாரணை என்று தமிழில் சேர்ந்து, வீதியின் அந்த முனைவரைக்கும் கேட்க வந்தது.

காருக்குள் ஒரு மூதாட்டி இரண்டு கையாலும் காதைப் பொத்தினா. மற்றவ பிள்ளைகளின் தலைகளைத் தன் மடிக்குள் அமத்தினா. ரொண்டா திரும்பவில்லை. நேரே, முன்னால் போகிற பெட்டியைத்தான் பார்த்தாள், அது நின்றுவிடுமோ என்று பார்க்கிறமாதிரி. பிறகு கண்ணாடி ஏறியது. கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆறுதலாகப் போய், சந்தியில் திரும்பி, மறைந்தன.

வதனி கைகளை இறக்கினாள். தோள் இரண்டும் மரத்துப்போயிருந்தன. சால்வை காலடியில் விழுந்து கிடந்தது, அவளுக்குப் பின்னால் அன்ரி சிரித்துக்கொண்டு நின்றா. திரும்பிச் சுரண்டியை எடுத்து நெற்றியில் வைத்தாள். இனி யாருக்காக என்று கை கேட்டது, சும்மா சுரண்டினாள். ஒரு கீலம் வந்தது. இன்னொன்று வந்தது. கண்ணீர் வரத் தொடங்கியிருந்தது, அம்மாவுக்கும் சேர்த்து, வேண்டாத நேரத்தில், தாராளமாக.

சியோனே வந்து பக்கத்தில் நின்றார். தலைக்கவசத்தைக் கழற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார். அவருடைய கண்ணும் சிவந்திருந்தது.

"வேலியில எழுதியிருந்ததை ஒவ்வொரு நாளும் பாக்கிறனான் அக்கா, எப்பிடிச் சொல்லுறதெண்டுதான் தெரியேல்லை. நீங்கள் கூப்பிட்டாப் பிறகுதான் பிடிபட்டது. ஞாயிற்றுக்கிழமை எங்கட சேர்ச்சில எல்லாரையும் அவவின்ர பேரைச் சொல்லி வேண்டச் சொல்லுறன். சரியாச் சொல்லுறனோ எண்டு பாருங்கோ."

அவள் வேண்டாம் என்று சொல்லத் திரும்புமுன் அவர் அந்தப் பெயரைச் சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.